மண் அரித்த கிளாக்கர்

நகத்துக்குள் ஏறியிருந்த கார்க் கிறீஸ் போகவில்லை. முற்றத்து வாங்கில் பூபாலபிள்ளையைக் கிடத்தி, அரப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்தார்கள். மண்ணெண்ணெய் தொட்டும் தேய்த்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு மினுக்கிய மினுக்குக்கு, குத்துவிளக்காக இருந்தால் ஊருக்கே வெளிச்சம் கொடுத்திருக்கும். கறுப்பு மட்டும் அசையவில்லை.

"விடுங்க, அது போகாது," என்றாள் அன்னப்பிள்ளை, கதவு நிலையில் நின்றபடி. "பொறக்கக்குள்ளயே கொண்டு வந்த கறுப்பு."

கட்டின பெண்சாதி பிணத்துக்கு முன்னால் இப்படிப் பேசலாமா என்று ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். பார்க்கட்டும். முப்பத்தேழு வருஷம் இந்த நகத்துக்குச் சோறு போட்டவள் அவள். சோற்றுப் பீங்கானின் விளிம்பில் கறுப்பு ரேகை விழாத நாள் ஒன்று இருந்ததா என்று அவளைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பூபாலபிள்ளை தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அது சம்பளத்துக்குச் செய்தது. மனசு முழுக்கப் பழைய காரில். எழுபத்தெட்டுச் சூறாவளியில் மரம் விழுந்து நசுங்கிய மொறிஸ் மைனர் ஒன்றை, யாரோ ஒரு டொக்டர் குப்பையென்று கைவிட, இவர் மாட்டு வண்டிலில் கட்டி வீட்டுக்கு இழுத்துவந்தார். பெரியகல்லாறே வேலியோரம் நின்று சிரித்தது. அன்றைக்கு அன்னப்பிள்ளைக்கு வந்தது வெட்கம். போகப் போக அது இளக்காரமாக முற்றியது. கார் ஓடிய நாளைவிட அதற்கடியில் இவர் மல்லாந்து கிடந்த நாள்தான் அதிகம். அம்மன் கோயில் சடங்குக்குப் புறப்பட்டால் பாதி வழியில் இறங்கிப் பொனட்டைத் திறப்பார். பட்டுச்சேலையோடு அவள் நடுத்தெருவில் காவல் நிற்பாள். போகிற பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சண்டைக் காலத்தில் கார் வைத்திருந்தவனுக்கு இரண்டு பக்கத்தாலும் பயம். இயக்கப் பெடியன்கள் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டும், சீருடை வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டும். அதற்காகக் கார்க்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். பொனட்டுக்குள்ளே ஒரு கறுப்பு மூடிக்குக் கீழே றோட்டர் என்று பெருவிரல் பருமனில் ஒரு சாமான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் எந்தக் கொம்பனாலும் காரைக் கிளப்ப முடியாது. பூபாலபிள்ளை பொழுதுபட்டதும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை ஆணியில் மாட்டுவார். மறுநாள் தேவைப்பட்டால் பூட்டுவார். சமாதானம் என்று சொல்லிக்கொண்ட வருஷங்களிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அந்தச் சாமானை ஒருமுறை அன்னப்பிள்ளை எடுத்தாள். 2004ஆம் ஆண்டு டிசம்பரில், நத்தார் அன்று இரவு எடுத்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் கனகசூரியத்தின் புது வீட்டில் பால் காய்ச்சு. கனகசூரியம் பாடசாலை அதிபர், அவர்கள் குடியில் மூத்தவர், நேரம் தவறினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். இவரோ, "விடிய காத்தான்குடிக்குப் போய் மஜீட்டோட கபிரேட்டரைப் பார்த்துப்போட்டுப் பதினொரு மணிக்குள்ள வந்திருவன்," என்றார். மஜீட் பழைய காரால் இவருக்கு வாய்த்த சிநேகிதர். இவருடைய பதினொரு மணி எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆணியில் தொங்கிய சட்டைப் பைக்குள் கையை விட்டாள். எடுத்ததை அரிசிமாத் தகரத்துக்குள் புதைத்து மூடியை அழுத்தினாள். விடிய இவர் தேடட்டும், தேடி முகம் கறுக்கட்டும், பிட்டு அவித்தபடி பார்த்துச் சிரிக்கலாம், பிறகு கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றலாம் என்று இருந்தாள்.

விடிந்து, இவர் சில்லுக்குக் காற்றடித்து, கண்ணாடி துடைத்து, இன்னும் சட்டையைத் தொடவில்லை. அதற்குள் கடல் வந்துவிட்டது.

கத்திக்கொண்டு ஓடிவந்த சனத்தைக் கண்டதும் பூபாலபிள்ளை உள்ளே ஓடி, அன்னப்பிள்ளையின் அக்கா சின்னத்தங்கத்தைத் தூக்கிவந்தார். கால் வழங்காத மனுஷி, கலியாணம் கட்டாதவள், அவர்களோடுதான் இருந்தாள். அவளைப் பின்சீட்டில் இருத்திவிட்டுச் சட்டைக்குப் பாய்ந்தார். பை வெறுமை. உதறினார், மண்ணில் குந்தித் தடவினார். அன்னப்பிள்ளை குசினிக்குள் ஓடினாள். தகரத்தைக் கையில் எடுத்தும் விட்டாள். மூடி இறுகியிருந்தது. அவள் நகத்தைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருக்கக் குசினிச் சுவர் அவள்மேல் சாய்ந்தது.

அவளை ஒரு தென்னை பிடித்து வைத்துக்கொண்டது. அவரை எவர் வீட்டு வேலியோ பிடித்துக்கொண்டது. காரை வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். சின்னத்தங்கம் பின்சீட்டில் இருத்தினபடியே இருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது கனகசூரியம் வந்து கேட்டார். "என்ன நடந்த?"

"இவர் அந்தச் சாமானைத் துலைச்சிப்போட்டார்," என்றாள் அன்னப்பிள்ளை. வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்.

பக்கத்தில் நின்ற பூபாலபிள்ளை தலையைக் குனிந்தார். "ஓம் மச்சான். என்ட பிழைதான்."

அவ்வளவுதான். ஒரு பொய் இத்தனை லேசாக நடந்து போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அந்த மனிதர் அதை மெய்யாகவே நம்பினார். தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் தப்பியிருப்பாள், காரை நம்பிக் கெட்டேன் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து கனகசூரியம் அவரோடு பேச்சில்லை.

இவரை இகழ்வதற்குக் காரணம் வேண்டுமென்று அன்னப்பிள்ளை காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவரை இகழ்கிற நேரத்தில்தான் அவளால் ஒழுங்காக மூச்சுவிட முடிந்தது. காரணம் தருவதில் மனிதர் குறை வைக்கவில்லை. அகதிகளுக்குப் பவுசர் லொறியில் வந்த குடிதண்ணீரில் இரண்டு கான் கொண்டுபோய் எஞ்சினைக் கழுவினார். உப்பு ஊறினால் இரும்பு செத்துப்போகுமாம். அக்காவின் எட்டாம் நாள் சடங்குகூட முடியவில்லை. அன்றைக்கு அவள் காறித் துப்பினாள். அது மனமாரத் துப்பியது.

பிறகு காரைத் துண்டு துண்டாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்பப் பூட்டி, ஓடவும் வைத்துவிட்டார். றோட்டரும் மஜீட் வேறொன்று தேடிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? பின்னேரமானால் ஒரு அரிதட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் குந்துவார். மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி அள்ளிப் போட்டு அரிப்பார். இன்றைக்கு இந்த மூலை, நாளைக்கு அந்த மூலை. கல்லும் சிப்பியும் போத்தல் ஓடும் வரும். பார்த்து எறிவார். ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு மண் கிளாக்கர் என்று பெயர் வைத்தார்கள்.

"புதுசு பூட்டி ஓடுதுதானே, மறுகா என்னத்துக்கு அந்தப் பழசு?" என்று கேட்டாள் ஒருநாள்.

"எங்க விட்டனெண்டு தெரியணும் புள்ள. கையில எடுத்தனா, பையில போட்டனா, விழுந்ததா. ஒண்டும் ஞாபகம் வருகுதில்ல."

அவள் உள்ளே போய் மாவை இடித்தாள்.

நேற்றுப் பின்னேரமும் அரித்தார். "என்ன, இண்டைக்காவது ஆம்பிடுமா?" என்று வழக்கம்போல நக்கலாகக் கேட்டுவிட்டு அவள் தேத்தண்ணி வைக்கப் போனாள். திரும்பி வந்தபோது அரிதட்டின்மேல் முகம் குப்புறக் கிடந்தார்.

இப்போது பெட்டி முற்றத்து நடுவில் இருந்தது. படலை வழியை அடைத்துக்கொண்டு கார் நின்றது. முந்தாநாள் இவர் அங்கே விட்டதுதான். அதை எடுத்தால்தான் பெட்டி வெளியே போகும். கிளப்பத் தெரிந்த ஒரே ஆள் மஜீட். காத்தான்குடியிலிருந்து இரண்டு சோதனைச்சாவடி தாண்டி வந்து சேர்ந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிநேகிதனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அன்னப்பிள்ளையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கிளாக்கர் ஐயா ஒரு ஆணி துலைச்ச மனிசனில்ல தங்கச்சி. கழட்டின சாமானை நிரைக்குக் கடதாசியில வெச்சி நம்பர் போடுற ஆள். அதுதான் எனக்கு இண்டைக்கும் விளங்கல்ல."

"விதி, மஜீட் நானா," என்றாள் அவள். வாய்க்கு அதுதான் சுகமாக இருந்தது. அவர் போய்க் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சந்தியில் பட்டாசு வெடித்தார்கள். வடக்கில் சண்டை முடிந்துவிட்டதாம், கொடி கட்டச் சொல்லிச் சீருடைக்காரர் விடியற்காலமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கதிரைகளில் இருந்த ஆண்கள் ஒவ்வொரு வெடிக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். அங்கே அகப்பட்ட சொந்தங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாத் தைரியத்தையும் சேர்த்து வைத்துச் செத்தவரைப் பற்றி மட்டும் பேசினார்கள். காரைக் கட்டின மனிசன் என்றான் ஒருவன். பொஞ்சாதியைவிடப் பொனட்டைத் திறந்த நாள்தான் கூட என்றான் இன்னொருவன். இரண்டும் அன்னப்பிள்ளை தானே ஊருக்குள் விட்ட பேச்சு. அடுத்தவன் வாயில் கேட்கும்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வாய்க்கரிசி நேரம் வந்தது. அவர் பக்கத்துச் சனம் போட்டு முடித்தது. அன்னப்பிள்ளையின் பக்கத்தில் ஒருவரும் எழும்பவில்லை. மூத்தவர் கை வைத்தால்தான் மற்றவர் கை வைப்பார்கள். மூத்தவர் கனகசூரியம் கதிரையில் கால்மேல் கால் போட்டு, மடித்த லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அரிசி போடுங்க அண்ணன்."

"நான் வந்த உனக்காக. இவனுக்கில்ல." எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னார். "என்ட தங்கச்சியச் சாக்காட்டினவன்ட வாயில நான் அரிசி போடுறதா? ஒரு துண்டுச் சாமானைப் பத்திரமா வெச்சிருக்கத் தெரியாதவன். மனிசனா இவன்?"

முப்பத்தேழு வருஷம் கூட இருந்த பெண்சாதியின் பக்கத்திலிருந்து ஒரு மணி அரிசி இல்லாமல் இவர் போகப்போகிறார். அன்னப்பிள்ளை அண்ணனின் லேஞ்சியைப் பார்த்தாள். அந்தச் சுத்தமான நகங்களைப் பார்த்தாள். பால் காய்ச்சுக்கு நேரம் தவறக்கூடாதென்று இந்த முகத்துக்குப் பயந்துதானே செய்தோம் என்று நினைத்தாள்.

"அவர் துலைக்கல்ல," என்றாள். "நான்தான் எடுத்து ஒளிச்சன். அரிசிமாத் தகரத்துக்குள்ள. உங்கட பால் காய்ச்சுக்கு நேரத்துக்கு வரணுமெண்டு. அக்காவச் சாக்காட்டின நான்."

பறைமேளக்காரன்கூடக் கையை நிறுத்தினான். சந்தியில் ஒரு சரவெடி ஓடி ஓய்ந்தது.

முதலில் அழுதவள் ஒன்றுவிட்ட பெரியம்மா. "பாருங்க, செத்த புருஷன்ட பழியத் தன்ட தலையில தூக்கிப் போடுறாள்! இவளெல்லுவா பொஞ்சாதி!"

"நாலரை வருஷமா அவரைக் கிழிகிழியெண்டு கிழிச்சவள்," என்றாள் இன்னொருத்தி மூக்கைச் சிந்தி. "உண்மையில இவள் செய்திருந்தா அப்பிடிப் பேச வாய் வந்திருக்குமா? எல்லாம் பாசம்கா."

"பொய்யில்ல. நான்தான்."

"ஓம் புள்ள, ஓம்." இரண்டு பேர் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அவள் சத்தம் போட்டுச் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் வந்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். மயக்கத்தில் கதைக்கிறாள், சீனி கூடப் போட்டு ஒரு கோப்பி கொண்டுவாருங்கள் என்று யாரோ கத்தினார்கள். கனகசூரியத்தின் கண் கலங்கியிருந்தது. எழுந்து வந்து அவள் தலையில் கையை வைத்தார்.

"இவனுக்காக நீ பொய் சொல்லத் தேவையில்ல. உன்ட முகத்துக்காகப் போடுறன்."

போட்டார். அவருக்குப் பின்னால் அவர்கள் குடி முழுவதும் வரிசையாக வந்து போட்டது. பூபாலபிள்ளையின் வாயைச் சுற்றி அரிசி குவிந்தது. ஒவ்வொருவரும் போட்டுவிட்டு அவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உதட்டில் கோப்பியை வைத்தார்கள். அவள் குடித்தாள்.

"மஜீட் நானா, காரை எடுங்க," என்று யாரோ படலைப் பக்கம் குரல் கொடுத்தார்கள்.

மஜீட் எடுக்கவில்லை. சுக்கானில் இரண்டு கையையும் வைத்தபடி, முற்றத்துச் சனத்துக்கு மேலாக அன்னப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் ஒருவர் கண்ணில்தான் ஈரமில்லை. அவளும் பார்த்தாள். நானா, நீங்களாவது, என்று சொல்ல உதடு அசைந்தது. வாய்க்குள் சீனி பிசுபிசுத்தது.

மே மாதத்து வெயில் காரின் தகரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. மஜீட் பார்வையை எடுத்து, கதவுப் பக்கம் குனிந்து கைபிடியைச் சுற்றத் தொடங்கினார். கண்ணாடி மெல்ல மெல்ல மேலே ஏறியது. விரல் போகிற இடைவெளியும் மூடும்வரைக்கும் சுற்றினார்.