வேவு பார்த்த டப்பாக்கள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் கண்ணால் பார்த்தால் போதாது, அளந்து பார்க்க வேண்டும். நடக்கிற நடையை அளக்கிறார்கள். தூங்கின தூக்கத்தைக்கூடக் கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு அளக்கிறார்கள். தொலையட்டும். புல்லுக்கு விடுகிற தண்ணீரையுமா?

பெரியவரின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் மகள் வீட்டு வாசலில் இருந்த புல்தரை. லாரி ஓட்டி ஓய்ந்து மகளோடு வந்து தங்கியதிலிருந்து அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு வேலை. சாயங்காலமானால் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, தரை சொதசொதவென்று ஆகும் வரை தண்ணீர் அடிப்பார். தெருவில் அவருக்கு 'ஃபயர் சர்வீஸ்' என்று பெயர். பற்றி எரியாத ஒன்றை இத்தனை அக்கறையாக அணைத்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

கோடை வந்தது, தண்ணீருக்குத் தட்டுப்பாடும் வந்தது. மகள் ஒரு ஸ்பிரிங்க்ளர் வாங்கி நட்டாள். விடியற்காலையில் தானே சுற்றித் தூவும், தானே நின்றுகொள்ளும்.

"இது சரியா வருதான்னு பாக்கற வரைக்கும் நீங்க குழாயைத் தொடாதீங்கப்பா."

சொன்னதோடு விட்டாளா? புல்லில் அங்கங்கே காலி டப்பாக்களை வைத்தாள். சமையலறையில் மாப்பிள்ளையிடம் அவள் கிசுகிசுத்தது பெரியவர் காதில் பாதிதான் விழுந்தது. "டப்பாவுல எவ்ளோ தண்ணி விழுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்பாகிட்ட பேசறேன்."

அந்தப் பாதியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் திருட்டுத்தனமாகத் தண்ணீர் விடுகிறேனா என்று வேவு பார்க்க டப்பாவா? பெற்ற அப்பனையா? அவர் திருட்டுத்தனமாக விடத்தான் போகிறார் என்பது வேறு விஷயம். அதற்காகச் சந்தேகப்படலாமா?

செக்போஸ்ட்காரர்களுக்கே தண்ணி காட்டியவர், டப்பாவுக்கா அஞ்சுவார்? இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிப் போனதும் குழாயை எடுத்தார். ஆசை தீர அடித்தார். பிறகு ஒவ்வொரு டப்பாவாகக் கவிழ்த்து, துண்டால் உள்ளே துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். காலையில் ஸ்பிரிங்க்ளர் விட்ட தண்ணீரும் அதோடு சேர்ந்து போனதை அவர் நினைத்தே பார்க்கவில்லை. துப்புத் துலங்காதபடி வேலையை முடித்த திருப்தியில் மதியம் நன்றாகத் தூங்கினார்.

சாயங்காலம் மகள் டப்பாவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். மறுநாளிலிருந்து ஸ்பிரிங்க்ளர் இன்னும் அதிக நேரம் சுற்றியது. அதற்கப்புறமும் டப்பா காய்ந்தே கிடந்தது. இன்னும் கூட்டினாள். தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது. பெரியவர் ஜன்னல் ஓரம் நின்று, மெஷினின் லட்சணத்தைப் பார் என்று சிரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை அந்தச் சிரிப்பு வாயிலேயே உறைந்தது.

"என்னால முடியலப்பா," என்றாள் மகள். "இவ்ளோ விட்டும் டப்பாவுல ஒரு சொட்டு நிக்கல. எல்லாத்தையும் வெயிலே குடிச்சிடுது போல. இந்தத் தண்ணிப் பஞ்சத்துல புல்லு நமக்குக் கட்டுப்படியாகாது. நாளைக்கு ஆள் வராங்க. பேத்து எடுத்துட்டு ஜல்லி கொட்டிடப் போறோம்."

"ஜல்லியா?"

"அதுக்குத் தண்ணியே வேணாம் மாமா," என்று மாப்பிள்ளை ஆறுதல் சொன்னார்.

ஜல்லிக்கு யார் போய்க் குழாய் பிடிப்பது? வாயை மூடிக்கொண்டிருந்தால் புல் போய்விடும். திறந்தால் மானம் போய்விடும். பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"டப்பாவுல தண்ணி இருந்துச்சும்மா."

"எப்போ?"

"நான் கொட்டறதுக்கு முன்னாடி."

மாப்பிள்ளை சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"எதுக்குப்பா கொட்டினீங்க?"

"நீ என்னைத்தான் வேவு பாக்கறேன்னு நெனச்சேன்."

"உங்களையா? மெஷின் எவ்ளோ விடுதுன்னு பாக்க வச்சேன்ப்பா! ஒரு விரல் உயரம் நிறைஞ்சா போதும், அத்தோட நிறுத்திடலாம்னு. அது தெரிஞ்சா உங்ககிட்டயே பொறுப்பா விட்டுடலாம்னுதான் அவர்கிட்ட சொன்னேன்."

தன் வேலையைத் தானே குழி தோண்டிப் புதைக்க இருந்த கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பெரியவருக்கே சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மீசையைத் தடவினார்.

மறுநாள் காலையில் மூவரும் வாசலில் நின்றார்கள். ஸ்பிரிங்க்ளர் சுற்றியது. கொஞ்ச நேரத்திலேயே டப்பாக்களில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. மகள் நிறுத்தினாள். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை மண்ணில் குத்தினாள். வெண்ணெயில் இறங்குவது போல் பிடி வரைக்கும் இறங்கியது.

"பாருங்க, ஈரம் எவ்ளோ ஆழத்துக்குப் போயிருக்கு. இனி இது இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சாத்தான் தண்ணி. நீங்களே குத்திப் பாத்து மெஷினைப் போடுங்க." ஜல்லிக்காரரை வர வேண்டாம் என்று சொல்ல போனை எடுத்தாள்.

பெரியவர் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி ஓரிடத்தில் குத்தினார். இறங்கியது. அவள் ஏதாவது செட்டப் செய்திருப்பாளோ என்று தள்ளிப் போய் வேறொரு இடத்தில் குத்தினார். அங்கும் இறங்கியது.

"இப்பவாவது நம்பறீங்களா?"

"டப்பாவுக்கு வயிறு சின்னது, ரொம்பிடுச்சு. புல்லுக்கு ரொம்புச்சான்னு அதுகிட்ட யாரு கேட்டா?"

ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் திணித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டியபடியே தெருவில் இறங்கி நடந்தார்.