அண்ணாவின் மூன்றாவது வகுப்பு

என் அண்ணா ஹரிஷங்கர் கல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்தான். மூக்கின் அளவைக் கொண்டு ஓர் இனத்தின் புத்தியைச் சொல்லிவிடலாம் என்று அவன் கட்டுரை எழுதியதும் மாணவர்கள் அவன் வகுப்பைப் புறக்கணித்தார்கள். பேசத் தடையில்லை என்றது நிர்வாகம். ஆனால் தொடர்ந்து மூன்று வகுப்புகளுக்கு ஒருவரும் வராவிட்டால் பாடமே ரத்து. இரண்டு வகுப்புகள் அப்படிப் போய்விட்டன.

“மாதவி, வெளியாளும் வந்து கேக்கலாமாம். நீ வந்து உக்காரேன்.”

“நீ சொல்றது தப்புண்ணா.”

“தப்புன்னு சொல்லவாவது வாயேன்.”

பாங்குக்கு லீவு போட்டேன். அன்று விடாத மழை. லேக் மார்க்கெட்டில் ஏறிய பஸ் தண்ணீரில் மிதந்துபோவது போலிருந்தது. பல்கலைக்கழக வாசலில் நனைந்துகொண்டு நின்ற மாணவி ஒருத்தி, “ஜாபேன் நா, தீதி,” என்றாள். போகாதீர்கள் அக்கா. அவள் பக்கம்தான் நியாயம். ஆனாலும் அண்ணா காலி அறையில் நிற்பதை நினைக்க முடியவில்லை.

மரங்களின் பச்சை ஜன்னல் வழியே வந்து பெஞ்சுகளின் மேல் அசைந்தது. குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. இருநூறு பேருக்குப் பேசுவது போல அண்ணா எனக்குப் பேசினான். என்ன சொல்கிறான் என்பதை மறந்து அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மூக்களவுக்கு ஏற்ற புத்தியை வரிசை வரிசையாகப் போட்ட அட்டவணையைக் காட்டினான். கையைத் தூக்கினேன்.

“சார், இதுல நான் எந்த வரிசை?”

“சார் என்னடி சார்! உன்னை அப்பவே அளந்தாச்சு. கடைசிக்கு முந்தினது.”

“நீ?”

ஆயிரம் பேரை அளந்தவன் தன்னை அளந்ததில்லை. மேஜைமேல் இருந்த, மூக்கை அளக்கும் காலிபரை எடுத்துக்கொண்டு அருகில் போனேன். கண்ணை மூடி முகத்தைக் காட்டினான். கணக்கை அவனே போட்டான். கடைசி வரிசை.

“ஒரு ஆளை வெச்சு என்னடி சொல்ல முடியும்?”

“ஒரு ஆளைப் பத்தி இந்த அட்டவணை என்ன சொல்லும்னுதான் வாசல்ல நிக்கறவாளும் கேக்கறா. போய் அவாகிட்ட பேசு.”

கணக்குப் போட்ட தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு குடையில்லாமல் இறங்கிப் போனான். மேலிருந்து பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை, கைகள் மட்டும் அசைந்தன. அந்தப் பெண் தலையாட்டி மறுத்தாள். கடைசியில் ஒருவர் பின் ஒருவராகப் படியேறி வந்தார்கள், பாடம் கேட்க அல்ல, சண்டை போட.

அதன்பின் நான் தேவைப்படவில்லை. செவ்வாய்தோறும் தொண்டை கட்டி, பசியோடு வீட்டுக்கு வருவான். “ஒருத்தரும் விடமாட்டேங்கறா, மாதவி,” என்பான், ஏதோ பரிசு வாங்கியவன் போல.

கட்டுரையை அவன் வாபஸ் வாங்கவில்லை. தை மாதம் மாரடைப்பில் போனபோது அது மேஜையில் விரிந்து கிடந்தது. பாதிப் பக்கங்களை அவனே கோடு போட்டு அடித்திருந்தான். மீதிப் பாதியோடு நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.