பேய்க்கு முளைத்த கால்

"எந்திரி. அந்தப் பக்கம் தள்ளி உக்காரு. கூட்டோணும்."

கையில் விளக்குமாற்றோடு அறை வாசலில் நின்றாள் காளியாத்தாள். உள்ளே பாயில் இருந்த மருமகள் பழனாத்தாள் சுவரில் கை ஊன்றி எழப் பார்த்தாள். இடுப்பு எழுந்தது, முழங்கால் எழவில்லை. மறுபடியும் பாயிலேயே விழுந்தாள்.

"முடியலீங்க அத்தை. மொளங்காலு மடக்குனது மடக்குனபடியே நிக்குதுங்க."

"இருவத்திரண்டு வயசுல மொளங்காலா? நானும் இதே ரூம்புல ஒரு வருசம் உக்காந்தவதான். எனக்கு என்ன ஆச்சு?"

இதைச் சொல்லிவிட்டு, ஒரு கையால் நிலையைப் பிடித்து, மறு கையால் தன் தொடையைத் தூக்கிவிட்டு, முக்கி முனகிப் படி தாண்டி உள்ளே வந்தாள் காளியாத்தாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்பது அந்த வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, அவள் கண்ணைத் தவிர.

கணபதி என்ற அந்த ஊரில் அது பேர் பெற்ற வீடு. காளியாத்தாளின் இளைய மகன் அங்கப்பன் போன ஆனி மாதம் காலரா கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். அவன் போனதும் அவன் மனைவிக்கு வெள்ளைச் சீலை கட்டி இந்த அறையில் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டு வழக்கப்படி தாலி அறுத்தவள் ஒரு வருஷம் அறையை விட்டு வரக்கூடாது. சோறு வாசற்படிக்கு வரும். விடிவதற்கு முன்னால் ஒரு தரம் கொல்லைப்புறத்துப் பொடக்காணிக்குப் போய் வரலாம். வருஷம் முடிந்தால் விடுதலையா என்றால் அதுவும் இல்லை. அறையிலிருந்து அடுப்படிக்குப் பதவி உயர்வு, அவ்வளவுதான். தெருவும் தோட்டமும் அவளுக்கு இனி இந்த ஜன்மத்தில் கிடையாது.

பழனாத்தாள் சத்தியமங்கலம் பக்கத்துப் பெண். பிறந்த ஊரில் கும்மி என்றால் முதலடி அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். வட்டத்தில் கடைசியாக நிற்கிறவளுக்குக்கூடத் தாளம் தப்பாது. கும்மியில் மட்டுமல்ல, களை வெட்டினாலும் குடம் தூக்கினாலும் அவள் உடம்பில் அந்தத் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். அலுப்பு என்றால் என்னவென்று அறியாமல் வளர்ந்தவள். அப்படிப்பட்ட உடம்பைக் கொண்டுவந்து எட்டடி அறையில் மடக்கி வைத்தால் என்ன ஆகும்? முதலில் பசி போயிற்று. பிறகு தூக்கம் போயிற்று. பாதம் வீங்கியது. மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்க மறுத்தது. புருஷனை நினைத்து அழலாம் என்றால் அழுகைகூட வரவில்லை. இப்போது கால்.

மூத்த மகன் நஞ்சுண்டன் பொல்லாதவர் அல்ல. மில்லுக்குப் பஞ்சு போடுகிறவர், கையில் கடிகாரம் கட்டியவர், ஊரிலேயே முதலில் சைக்கிள் வாங்கியவர். தம்பி மனைவி நடக்க முடியாமல் கிடக்கிறாள் என்றதும் வில்வண்டியில் திரை கட்டிக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டரம்மா அரை மணி நேரம் காலைப் பிடித்து நீட்டி மடக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பெண்ணுக்கு வியாதியே இல்லை. உட்கார்ந்தே இருந்ததால் வந்த வினை. தினமும் நடக்க வேண்டும். கையைக் காலை வீசி வேலை செய்ய வேண்டும். இன்னும் இரண்டு மூன்று மாதம் இப்படியே விட்டால் பிறகு நான் நினைத்தாலும் இந்தக் கால் நேராகாது."

"ஏனுங்க, மருந்து ஏதாச்சும் குடுப்பீங்களா?" என்று கேட்டார் நஞ்சுண்டன்.

"நான் சொன்னதுதான் மருந்து."

அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்து டாக்டரம்மா ஒரு பாட்டிலில் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பாட்டில் மட்டும்தான். "தாலியறுத்தவளை ஊரு பாக்க நடக்கச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா?" என்றாள் காளியாத்தாள். சிவப்புத் தண்ணீர் மூன்று வேளையும் தவறாமல் கொடுக்கப்பட்டது.

பங்குனியில் மாரியம்மன் நோன்பு சாட்டினார்கள். ஆண்பிள்ளைகள் கோயிலில் கம்பம் நட்டு, பறை முழங்க அதைச் சுற்றி ஆடினார்கள். நஞ்சுண்டனும் மூன்று நாள் ஆடினார். நான்காம் நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, "ஆடுனா ஒடம்பு எப்படிக் கலகலன்னு ஆயிருதுங்கறீங்க! நெஞ்சுல கெடந்த பாரமெல்லாம் எறங்கிப்போச்சுங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் அது பழனாத்தாளின் காதிலும் விழுந்தது. ஆத்திரமாக வந்தது அவளுக்கு. தம்பியைப் பறிகொடுத்த பாரம் இவருக்கு ஆடினால் இறங்கும், புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு உட்கார்ந்தால் இறங்குமா?

அன்று பொழுது சாயத் தெருவில் பெண்கள் கும்மி கொட்டினார்கள். பழனாத்தாளின் கை தானாகத் தட்டியது. பிறகு இடுப்பு அசைந்தது. சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து, எப்படியோ எழுந்து நின்றுவிட்டாள். ஓர் அடி வைத்தாள், கை கொட்டினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். எட்டடி அறைக்குள் சின்னதாக ஒரு வட்டம். முழங்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. அவள் நிற்கவில்லை.

சோற்று வட்டிலோடு கதவைத் திறந்தாள் காளியாத்தாள். தலை அவிழ்ந்து, வேர்த்து விறுவிறுத்து, தன்னந்தனியாகக் கை கொட்டிச் சுற்றிக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தாள். வட்டில் கீழே விழுந்தது.

"ஐயோ! நஞ்சுண்டா! ஓடியா! உன்ர தம்பி பொண்டாட்டியப் பேய் புடிச்சுப்போட்டுது!"

வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. தன் வீட்டு மருமகள், புருஷன் போய்ப் பத்து மாதத்தில், தானாக ஆசைப்பட்டுக் காலைத் தூக்கி வைத்தாள் என்று நம்புவதைவிடப் பேய் என்று நம்புவது எளிது. சொல்லப்போனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதிகூட. பேய் பிடித்தால் குடும்ப மானம் போகாது.

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதுக்குக் கோடாங்கி ராமுலுவை வரவழைத்தார்கள். உடுக்கை அடித்துப் பேய் ஓட்டுவதில் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு நல்ல பேர். பழனாத்தாளை இரண்டு பெண்கள் தூக்கிவந்து, வீட்டுக் கூடமான ஆசாரத்தின் நடுவில் உட்கார வைத்தார்கள். பத்து மாதமாக அவள் மிதிக்கக்கூடாத ஆசாரம் அது. இன்றைக்குத் தெருவே அங்கே கூடியிருந்தது. உடுக்கை முழங்கியது. கோடாங்கி வேப்பங்குழையால் அவள் முதுகில் இரண்டு போட்டார்.

"ம்... எறங்கி ஆடு! ஒளிஞ்சுக்கிட்டா உடுவனா? ஆடு!"

தன்னைத்தான் சொல்கிறாரா என்று பழனாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் கை கூப்பி நின்றுகொண்டிருந்தாள். "ஆடு தாயீ, உனக்கு வேணுங்கற மட்டும் ஆடிப்போட்டு எம் மருமகளை உட்டுட்டுப் போயிரு" என்று கெஞ்சினாள். மருமகளிடம் அவள் ஒருநாளும் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

பழனாத்தாள் ஆடினாள். முதலில் முழங்கால் கிழிகிற மாதிரி வலித்தது. பிறகு எலும்பு நெட்டி முறிந்து, ஒரு சூடு தொடை வழியாக இறங்கிப் பாதத்துக்கு வந்தது. மூச்சு வயிறு வரைக்கும் போய் வந்தது. உடுக்கை வேகம் எடுக்க எடுக்க அவளும் எடுத்தாள். நடுவில், என்ன நினைத்தாளோ, அங்கப்பன் பேரைச் சொல்லி ஓவென்று அழுதாள். பத்து மாதத்து அழுகை அது. "பேய் அளுவுது, பேய் அளுவுது" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அன்று அவள் இரண்டு உருண்டைக் களி வாங்கிச் சாப்பிட்டாள். படுத்தவள் மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினாள். எழுந்தபோது சுவரைப் பிடிக்காமல் நின்றாள்.

"பேய் எறங்கிருச்சுங்க" என்று வந்து பார்த்துச் சொல்லி, தாயத்துக் கட்டிவிட்டுப் போனார் கோடாங்கி.

"அத்தை, பேயெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆடுனதுல காலு விட்டுக் குடுத்துருச்சுங்க. தெனமும் பொடக்காணியில நாலு நடை நடக்க உட்டீங்கன்னாப் போதுமுங்க" என்று கெஞ்சினாள் பழனாத்தாள்.

"மறுக்கா அதைக் கூப்படறயா? போ உள்ள."

கதவைச் சாத்திவிட்டார்கள். பத்து நாளில் பாதம் மறுபடி வீங்கியது. முழங்கால் மறுபடி மடங்கியது. டாக்டரம்மா சொன்ன கெடு அவள் நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் வேண்டுமென்றே தலையை அவிழ்த்துவிட்டு, வெளியே கேட்கும்படி கை கொட்டினாள். எப்படியாவது ஆசாரம்வரை போய்விட வேண்டும் அவளுக்கு.

கோடாங்கி மறுபடியும் வந்தார். தெரு மறுபடியும் கூடியது. இந்தத் தடவை நஞ்சுண்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "திரும்பி வந்த பேய் லேசுப்பட்டதில்லீங்க. அது யாருன்னு பேரைச் சொல்ல வெச்சு, முடி எடுத்துப் புளியமரத்துல ஆணி அடிச்சுருங்க." யார் என்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்து செத்த அருக்காணியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

உடுக்கை முழங்கியது. பழனாத்தாள் வேர்த்து ஓயும்வரை ஆடினாள். கோடாங்கி விபூதி பூசுகிற சாக்கில் அவள் காதருகே குனிந்தார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெண்களை ஆடவைத்துப் பார்த்த மனுஷர். அவருக்குத் தெரியாததா?

"அம்மணி, அந்தக் கெணத்துப் பிள்ளை பேரைச் சொல்லிப்போடு. அமாவாசைக்கு அமாவாசை நான் வாரேன். நீயும் ஒருக்கா ஆடிக்கலாம்" என்றார் மெதுவாக.

மாதத்தில் ஒரு நாள்! அதற்கும் செத்துப்போன ஒருத்தியின் பேரை இரவல் வாங்கி, வேப்பங்குழையால் அடிபட வேண்டும். மிச்ச இருபத்தொன்பது நாள் கால் மடங்கிக் கிடக்க வேண்டும். சரி என்று சொல்ல அவள் வாய் திறந்ததுதான். ஆனால் டாக்டரம்மா தினமும் என்றாளே! பத்து மாதமாக நெஞ்சில் கிடந்த எரிச்சல் அத்தனையும் பொங்கி வந்துவிட்டது.

கோடாங்கி நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அதட்டினார். "சொல்லு! யாரு நீ? பேரென்ன?"

"பழனாத்தா."

கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்தார்.

"எந்தப் பழனாத்தா?"

"அங்கப்பன் சம்சாரம். இந்த ஊட்டு மருமக."

"எப்ப வந்து புடிச்சே?"

"யாரும் புடிக்கலீங்க. பொறந்ததுல இருந்து இந்த ஒடம்புல நாந்தான் இருக்கறேன்."

"எப்பப் போவே?"

"சாவறப்பப் போவேன். அது வரைக்கும் தெனமும் நடப்பேன்."

சொன்னவள் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. குழந்தை வைத்திருந்தவர்கள் குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். நிலையருகே நின்ற நஞ்சுண்டன் தடுக்கக் கையை நீட்டினார். அவள் நிற்காமல் வருவதைப் பார்த்ததும், சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். தம்பி மனைவி என்று நினைத்திருந்தால் மயிரைப் பிடித்து உள்ளே தள்ளியிருப்பார். பேய் என்று நினைத்ததால் வழி விட்டார்.

அவள் தெருவைத் தாண்டி, இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியே தோட்டத்துக்குப் போனாள். கிணற்றை மூன்று சுற்றுச் சுற்றினாள். கால் நடுங்கியபோது வேலி நிழலில் உட்கார்ந்தாள். நடுக்கம் நின்றதும் மறுபடி நடந்தாள். பொழுது சாயத் தானாகவே வீட்டுக்கு வந்து, வட்டிலில் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அறையில் போய்ப் படுத்தாள்.

கோடாங்கி அதற்குள் உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். "உசுரோட இருக்கறவ பேரைச் சொல்ற பேய்க்கு எங்கிட்ட மந்திரமில்லீங்க. நடக்கறது நடந்துட்டுப் போவட்டும். யாராச்சும் மறிச்சா ஊட்டு ஆம்பளைகளுக்கு ஆகாது, சொல்லிப்போட்டேன்" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போயிருந்தார். ஊரில் எந்த நல்ல வார்த்தைக்கும் அசையாத நஞ்சுண்டன் இந்த ஒரு வார்த்தைக்கு அசைந்தார்.

மறுநாளும் பழனாத்தாள் நடந்தாள். அதற்கு மறுநாளும். சித்திரை போய் வைகாசி போயிற்று. வீக்கம் வடிந்தது. வாய்க்காலில் மடை மாற்றினாள், பருத்திக்குக் களை வெட்டினாள். தோட்டத்தில் ஆளில்லாத நேரத்தில் அவள் கை கொட்டிச் சுற்றுவதைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. "நான்தானுங்க" என்று அவள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித்தான் பார்த்தாள். அவர்கள் நின்று கேட்டால்தானே?

ஆனி மாதம் அங்கப்பனின் வருஷத் திதிக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள். பவானியிலிருந்து வந்த ஒரு அம்மாள் காளியாத்தாளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தவள், எதிரே தோட்டத்தைப் பார்த்து வியந்துபோனாள்.

"ஏனுங்க அக்கா, அக்கட்டால வரப்பு மேல வெள்ளைச் சீலையில வெசையா நடந்து போறது உங்க சின்ன மருமகதானுங்களே? காலு வராதுன்னு சொன்னாங்க. ஒடம்பு நல்லாத் தேறிப்போச்சாட்டத் தெரியுதே!"

காளியாத்தாள் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள்.

"சிவ சிவா! என்ன பேச்சுப் பேசறீங்க? எங்க ஊட்டுல தாலியறுத்தவ வாசப்படி தாண்டுவாளுங்களா? என்ர மருமக ரூம்புக்குள்ள ஒளுங்கா உக்காந்துட்டுத்தானுங்க இருக்கறா. அங்க நடக்கறது பேயுங்க."