முள் கரைந்த இடம்

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பருத்தி வாங்க வருகிறவனின் தராசையும் நம்ப மாட்டேன், பஸ் வரும் என்று சொல்லும் நேரத்தையும் நம்ப மாட்டேன். என் வீட்டுக்காரர் சோணைமுத்துவின் குதிகாலில் இருந்த கறுப்புத் திட்டு நடுவில் வெளுத்தபோதும் நான் நம்பவில்லை.

கருவேல முள் உள்ளே ஒடிந்து நிற்கிறதென்று ஒரு வருஷமாக அதில் எருக்கம்பால் விட்டுக்கொண்டிருந்தார். நடுவில் உப்புப் பூத்தமாதிரி வெளுத்ததும், முள் கரைந்துவிட்டதென்று திருச்சுழி டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டார். முள் என்றால் வெளியே வரும், இல்லையென்றால் சீழ் வைக்கும். கரைந்த முள்ளை நான் கண்டதில்லை. அதோடு ஓரத்துக் கறுப்பு முன்னைவிட அகலமாகியிருந்தது. மல்லுக்கு நின்று அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏற்றினேன்.

தோல் டாக்டரம்மா துளிச் சதையை எடுத்துச் சோதனைக்கு மதுரைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்துப் போனபோது எங்களை உட்காரச் சொன்னார். அது முள்ளே இல்லையாம். தோலில் வரும் கறுப்புப் புற்றுநோயாம்.

இவர் தெம்பாகத்தான் கேட்டார், பாதி தானாகக் கரைந்துவிட்டதே, மீதியும் கரைந்துவிடாதா என்று.

"ஒங்க ஒடம்பு சண்டை போட்டு அழிச்சிருக்கு, வாஸ்தவந்தான். ஆனா அழிஞ்ச எடத்துல முன்னாடி எம்புட்டு ஆழம் போயிருந்துச்சுன்னு இனி அளக்க முடியாதே" என்றார் டாக்டரம்மா.

அழிவதற்கு முன்னாலேயே வேறு இடத்துக்குப் பரவியிருக்கலாமாம். பரவாமல் இருந்தால் குதிகாலில் வெட்டி எடுத்துவிட்டு நம்பிக்கையோடு இருக்கலாம் என்றார். பரவினால் முதலில் தொடை இடுக்கில்தான் தெரியுமாம்; அங்கே கட்டி ஏதும் உண்டா என்று கேட்டார்.

இவர் இல்லை என்றார். கேள்வி முடியுமுன்னே சொன்னார். எதைக் கேட்டாலும் தலையைச் சொறிந்து யோசித்துச் சொல்கிற மனுஷர். இது வீட்டிலிருந்தே எடுத்து வந்த பதில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க, எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நெறி கட்டியிருக்கா?"

அவர் என்னைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்தார்.

"ஆடியிலயே ஒங்கிட்டச் சொன்னேன்ல புள்ள. முள்ளு குத்துன காலுக்கு நெறி கட்டத்தான் செய்யும், தானா அமுங்கிரும்னு நீதான சொன்ன. இன்னும் அமுங்கல."

சொன்னேன். விறகு கட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். ஊரையே சந்தேகப்பட்டவள் என் வாயை மட்டும் சந்தேகப்படவில்லை. நான் அப்படிச் சொன்னதை மறைக்கத்தான் இந்த மனுஷர் இல்லை என்றிருக்கிறார்.

டாக்டரம்மா அவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார்.