பசையின் தடிமன்

லேசர் துடிப்பு அலுமினியத் தகட்டில் பட்டதும் உள்ளே ஓர் அழுத்த அலை கிளம்பி, கண்மூடித் திறப்பதற்குள் பின்பக்கம் வந்து சேரும். அங்கே ஒட்டியிருக்கும் நகமளவு உணரி, அதன் வேகத்தையும் உயரத்தையும் திரையில் கோடாகக் காட்டும். நான்கு வாரமாக அந்த உயரம், கணக்கில் வந்ததைவிடக் கால்பங்கு குறைவு. இன்று மதியம் மூன்று மணிக்கு ஆய்வை மதிப்பிடும் குழு வருகிறது. எண் சரியில்லாவிட்டால் ஆய்வாளரம்மாவின் மூன்று வருட உழைப்பை மூட்டை கட்டிவிடுவார்கள்.

அவள் லேசரைத் திட்டினாள், கம்பிகளைத் திட்டினாள். திட்டாத ஒரே ஆள், உணரி ஒட்டும் வேலையிலிருந்த அவள் கணவன். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் ரகம்.

அன்று காலை தகட்டின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தாள். உணரிக்கு அடியில் பசை இருப்பதே தெரியக்கூடாது. அங்கோ இரண்டு பூச்சு!

"ஏங்க, இது யார் வேலை?"

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான்தான். போன மாசம் அளவு வர்றதுக்குள்ள உணரி உடைஞ்சுதே, நீ சாப்பிடாம அழுதியே. இதுவும் உடையக்கூடாதுன்னு கொஞ்சம் கூட வெச்சேன்."

கால்பங்கை விழுங்கியது அந்தப் பசைதான். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது; ஏறிய வேகத்தில் இறங்கியும் விட்டது. இந்த மனுஷனை எப்படித் திட்டுவது?

"பெட்டியில ஒண்ணுதான் மிச்சம். மெல்லிசா ஒட்டுங்க."

"உடைஞ்சிடும்மா."

"ஒட்டுங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான். பசை இறுகி முடிந்தபோது மணி இரண்டரை. அவள் பொத்தானை அழுத்தினாள். 'டப்'. கோடு கணக்கு சொன்ன உயரத்துக்கே எகிறி நின்றது.

அவன் திரையைப் பார்க்கவே இல்லை. இரண்டாகப் பிளந்த உணரியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

"போச்சே..."

"போகலைங்க. இங்க பாருங்க, உடையறதுக்கு முன்னாடியே அளவு சரியா வந்திருக்கு."

அவன் பார்த்தது அவள் முகத்தைத்தான். "அப்புறம் ஏன் அழுவுற?"

"அழுதா அழுதுட்டுப் போறேன். அதுக்குப் பயந்து எதையும் குறைச்சுக் காட்டாதீங்க. பக்கத்துல இருங்க, போதும்."

நடைக்கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் துடைக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டான். விரலெல்லாம் பசை. சட்டைக் கையை இறக்கிவிட்டு, அதைக் கொண்டு துடைத்தான்.