ஜெபக்குறிப்பு இல்லாத வீடு

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, பல் ஆடிக்கொண்டிருந்த எங்கள் மகள், மனைவியின் அண்ணன், அவர் மனைவி, எங்கள் சபைப் பாஸ்டர். அந்த ஒற்றை அறை வீட்டுக்கு இது பெரிய கூட்டம். பாஸ்டர் கட்டிலிலும் மச்சான் ஒரே நாற்காலியிலும் உட்கார, மற்றவர்கள் தரையில். காலை நீட்டினால் அடுப்பில் இடிக்கும்.

புது வீட்டு ஜெபம். புதுசு என்றால் எங்களுக்குத்தான் புதுசு. பார்சல் கிடங்கின் ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டு நான் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனேன். வருமானம் சுருங்கியது; வீடும் கூடவே சுருங்கியது. வெயில் நேரத்தில் இங்கே வெந்துபோகிறோம், அதை மறைப்பதற்கில்லை.

மச்சான் சுற்றிப் பார்த்துவிட்டுத் தங்கையைக் கேட்டார். "பீரோ எங்கே பாப்பா?" அவர் கல்யாணத்துக்குக் கொடுத்த பீரோ.

"படி திரும்புற இடத்துல மாட்டிக்கிச்சுண்ணா. கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துட்டேன்."

"துணியெல்லாம்?"

"வெளிய எடுத்துப் பாத்தா பாதி உடுத்தாததே. அதையும் கொடுத்துட்டேன்."

"உங்க அண்ணனையும் யாராவது கேட்டா கொடுத்துடு," என்றார் மச்சானின் மனைவி. பாஸ்டர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

மச்சான் சிரிக்கவில்லை. அவர் வந்த காரியம் வேறு. கிடங்கில் ராத்திரி சூப்பர்வைசர் இடம் காலி. மேலாளர் அவருக்கு வேண்டியவர். நான் சரி என்றால் நாளையே சேரலாம். இல்லையென்றால் வேறு ஆள் தயார். அங்கே இருந்த காலமெல்லாம் இந்தப் பதவிக்காகத்தான் ஜெபித்தேன். கன்வேயர் பெல்ட்டில் பெட்டி நகர நகர வாய் முணுமுணுத்தது அதைத்தான். இப்போது கேட்டது வந்திருக்கிறது, கேட்டவன்தான் அங்கே இல்லை. பகலெல்லாம் தூங்கி, பெண்டாட்டி பிள்ளையைப் பூனை நடை நடக்கவைத்த பிழைப்புக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. ஆனால் உள்ளதை வைத்து வீட்டை ஓட்டுகிறவள் என் மனைவி. "அவ சொல்றதுதான் மச்சான்," என்று போனிலேயே சொல்லியிருந்தேன். அவள் இதுவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஜெபக்குறிப்பு சொல்லுங்க சிஸ்டர்."

எங்கள் சபையில் இது இல்லாமல் வீட்டு ஜெபம் கிடையாது. வீட்டுக்காரர்கள் தேவைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்; அவர் அதே வரிசையில் ஆண்டவரிடம் ஒப்படைப்பார். என் மனைவியின் குறிப்புகள் சபையில் பிரசித்தம். அவள் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

"எனக்கு ஒண்ணும் இல்லை பாஸ்டர்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

"உடம்பு?"

"நல்லாயிருக்கு."

"மாமியார் வீட்டு ஆளுங்க?"

"தூரத்துல இருக்காங்க. சமாதானமா இருக்கோம்."

"அக்கம்பக்கம்?"

"பீரோ கொடுத்ததுல இருந்து எல்லாரும் நம்ம பக்கம்."

நோயாளி இல்லாத வீட்டுக்கு அழைக்கப்பட்ட டாக்டர் மாதிரி பாஸ்டர் முழித்தார். மச்சான் புகுந்தார். "நான் சொல்றேன் பாஸ்டர். மாப்பிள்ளைக்கு சூப்பர்வைசர் வேலை. அதைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணணும்."

"அது உங்க குறிப்புண்ணா," என்றாள் என் மனைவி. "உங்க வீட்டு ஜெபத்துல வெச்சுக்குங்க."

"என்ன பாப்பா இப்படிப் பேசுறே? உன் நல்லதுக்குத்தானே?"

"தெரியும்ணா. பழைய வீட்டுல ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். அவர் கொடுத்ததைத் திரும்பிப் பாக்கவே இல்லை. இப்ப சோறு இருக்கு. இவரு சாயங்காலம் முழிச்சிருக்காரு. இன்னும் வேணும்னு கேட்டா, இதெல்லாம் எனக்குப் பத்தலைன்னு ஆண்டவர் மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. எனக்கு வாய் வரலை."

 நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சிரிப்பது மச்சானுக்குத் தெரியக்கூடாது என்று.

"எனக்கு இருக்கு!" என்று மகள் கத்தினாள். "பல்லு விழணும்!"

பாஸ்டர் முகத்தில் உயிர் வந்தது. கண்ணை மூடி அடுப்புக்கு ஸ்தோத்திரம், கட்டிலுக்கு ஸ்தோத்திரம், வேனுக்கு ஸ்தோத்திரம் என்று வாய்க்கு வந்ததற்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, பல்லை மட்டும் மிக உருக்கமாக ஒப்படைத்தார். அவர் செய்ததிலேயே சின்ன ஜெபம் அதுதான். மச்சானின் ஆமென் கடைசியாக வந்தது.

பாஸ்டரும் மச்சானின் மனைவியும் முன்னால் இறங்கிவிட்டார்கள். மச்சான் வாசலில் நின்றார்.

"மாப்பிள்ளை, கடைசியா கேக்குறேன். அவங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

"வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லுங்க மச்சான்."

"நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன். நீங்க போட்டிருக்கிறது என் செருப்பு."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றிப் போட்டு இறங்கினார். படி திரும்பும் இடத்தில் அவர் தலை மறைந்ததும் என் மனைவி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இன்னும் அவள் கைக்குப் பழகவில்லை. இரண்டு கையாலும் தள்ளி, தாழிட்டாள்.