குண்டாவில் இல்லாத பெயர்

தசரா வந்தால் மைசூரில் ஓட்டல் முதலாளிக்கு அறுவடை, அறை துடைக்கிறவளுக்கு இடுப்பு ஒடியும். மோகனப்ரியா வேலை செய்த ஓட்டலில் இருபத்திரண்டு பேரில் நாலு பேருக்குத்தான் விஜயதசமி லீவு. பெயரெழுதிய சீட்டுகளைக் குண்டாவில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். பழைய மேனேஜர் லிங்கப்பன் கொண்டுவந்த வழக்கம் அது. தன் பெயரையும் எழுதிப் போடுவார். சீட்டு விழாவிட்டால் அவரும் வாளி தூக்குவார். அந்த மனிதருக்காக எல்லோரும் எத்தனை மணி நேரமானாலும் கூடுதலாக வேலைக்கு நின்றார்கள்.

புது மேனேஜராக சுஹாஸ் வந்து மூன்று வருடம். மோகனப்ரியாவுக்கு ஒருமுறைகூட விழவில்லை. மகளின் தாய்மாமன் லாரி ஓட்டுகிறவன். சொந்த ஊர் ஹனூருக்கு வருவதே ஆயுதபூஜைக்குத்தான். அவன் மடியில் உட்காராமல் என்ன காதுகுத்து? ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும்; மூன்று வயதில் தவறிப்போயிற்று. இப்போது ஐந்து. இதையும் விட்டால் ஏழுதான். 'என் ராசி அப்படி' என்று தன்னையே நொந்துகொண்டிருந்தாள், பைத்தியக்காரி.

இந்த வருடமும் நாலு சீட்டு எடுத்தாயிற்று. கடைசிச் சீட்டு சைத்ராவுக்கு, அதுவும் தொடர்ந்து மூன்றாவது முறையாக. அவள் சுஹாஸுக்கு மச்சினி முறை. எல்லோரும் கைதட்டினார்கள். சுஹாஸ் குண்டாவை மோகனப்ரியாவிடம் நீட்டி, "கொட்டிட்டுக் கழுவி வைம்மா" என்றான். ஆணவம் கண்ணை மறைக்கும் என்பது சும்மாவா?

பதினெட்டுச் சீட்டு மிச்சமிருக்க வேண்டும். இருந்தது ஐந்து. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவள் பெயர் இல்லை. கூட அறை துடைக்கும் பசம்மா பெயரும் இல்லை. ஐந்தையும் அவன் மேஜைமேல் பரப்பினாள்.

"ஏனுங் சார், எம்பேரு எங்கீங்?"

"ஹாகல்லம்மா, அப்படி இல்ல… நீ நல்லா வேலை செய்றவ. உன்னை தசராவுக்கு அனுப்பிட்டா நான் ஓட்டலை எப்படி நடத்தறது?"

நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை! மூன்று வருடமாக ராசியைத் திட்டியிருக்கிறாள். திட்ட வேண்டிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பேசிவிட்டு சுஹாஸ் எழுந்தான். "சாயங்காலம் அறுபது பேரு, டூர் பஸ்ஸு. யார்யாரும்மா ரெண்டு மணி நேரம் கூட இருக்கீங்க?"

லிங்கப்பன் காலத்தில் கேட்கவே வேண்டியதில்லை. இன்று ஒரு கைகூட உயரவில்லை. பசம்மா ஏப்ரனை அவிழ்த்து மடித்தாள்.

மோகனப்ரியா குண்டாவை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"விஜயதசமிக்கு எம்புள்ளைக்குக் காதுகுத்துங், நான் வரமாட்டேன். சாயங்கால வேலைக்குச் சீட்டுப் போட்டுக்கோங்க சார். இதுலன்னா எங்க பேரெல்லாம் மறக்காம எழுதுவீங்களே."